வத்திக்கான் ஸ்காவி: பேதுரு பேராலயத்துக்கு அடியிலுள்ள கல்லறைகளைப் பார்க்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

ரோமுக்குத் திருப்பயணம் போகும் குழுக்களின் அட்டவணையில் பேதுரு பேராலயத்துக்கு அரை நாள் ஒதுக்கியிருப்பார்கள். உள்ளே போய், மிக்கேல் ஆஞ்சலோவின் பியேத்தா சிலையைப் பார்த்து, குவிமாடத்தை அண்ணாந்து பார்த்து, சதுக்கத்தில் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். தங்கள் காலுக்கடியில் ஏறத்தாழ 1,800 ஆண்டுப் பழைய தெரு ஒன்று, வாசலும் நிலைப்படியும் பெயர்க்கல்லும் வைத்துக் கட்டிய கல்லறை வீடுகளோடு இருக்கிறது என்பது பலருக்கு ஊர் வந்து சேர்ந்த பிறகே தெரியவருகிறது. அங்கே போக என்ன செய்ய வேண்டும், போனால் என்ன பார்க்கலாம் என்று பங்கு நண்பர்களும் மற்றவர்களும் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன்.

ஸ்காவி என்பது திருத்தந்தையர்களின் கல்லறைகள் இருக்கும் இடம்தானே?

இல்லை. இந்தக் குழப்பத்தைத் தீர்த்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. அங்கே மூன்று தளங்கள் உண்டு. மேலே இருப்பது ஆலயம். அதற்குக் கீழே குரோட்டோ என்கிற நிலவறை. ஆறாம் பவுல், முதலாம் யோவான் பவுல், பதினாறாம் பெனடிக்ட் முதலிய திருத்தந்தையர்களின் கல்லறைகள் இருப்பது இந்த இரண்டாவது தளத்தில்தான். இதற்கு முன்பதிவு வேண்டாம். ஆலயத்துக்குள் வந்தவர்கள் அப்படியே இறங்கிப் பார்த்துவிட்டுப் போகலாம்.

அதற்கும் கீழே, மூன்றாவது தளமாக இருப்பதுதான் ஸ்காவி. 1940-களில் தோண்டி எடுக்கப்பட்ட ரோமானிய இடுகாடு. திருத்தந்தையர் யாரும் இங்கே இல்லை. பேதுருவை அடக்கம் செய்ததாகச் சொல்லப்படும் இடம் இருப்பதும், முன்பதிவு கட்டாயமாக இருப்பதும் இங்கேதான்.

இரண்டாம் யோவான் பவுலைத் தேடிக் குரோட்டோவுக்கு இறங்குகிறவர்கள் இன்னும் உண்டு. 2011-இல் அவருக்கு அருளாளர் பட்டம் கொடுத்தபோதே அவர் உடலை மேலே கொண்டுபோய்விட்டார்கள். பியேத்தாவுக்கு அடுத்தாற்போல் உள்ள புனித செபஸ்தியார் சிற்றாலயத்தில் இருக்கிறது.

கட்டக்கோம்பும் இதுவும் ஒன்றா?

வேறு வேறு. கட்டக்கோம்புகள் என்பவை பழைய ரோமின் மதிலுக்கு வெளியே, ஆப்பியா முதலிய சாலைகளின் பக்கம், மண்ணுக்கடியில் சுரங்கமாகவே குடைந்து உண்டாக்கிய கல்லறைகள். ஸ்காவியில் உள்ளவை வெயில் படும்படி தரைக்கு மேலே கட்டிய கல்லறைகள். பிற்பாடு மண் போட்டு மூடியதால் கீழே போனவை. நடந்து பார்க்கும்போது இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும். செங்கல் முகப்பும் கதவுச் சட்டமும் தெருவைப் பார்த்தபடி இருக்கும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. வத்திக்கான் எல்லைக்குள்ளேயே வேறொரு ரோமானிய இடுகாடு இருக்கிறது. அதற்கு வியா திரியும்ஃபாலிஸ் நெக்ரோபோலிஸ் என்று பெயர். 2003-இல் வாகன நிறுத்துமிடம் கட்டத் தோண்டியபோது அதன் பெரும்பகுதி ஒன்று வெளிப்பட்டது. அதை நிர்வகிப்பது வத்திக்கான் அருங்காட்சியகம். ‘வத்திக்கான் நெக்ரோபோலிஸ்’ என்று தேடினால் இரண்டும் கலந்து வரும். பேதுருவின் கல்லறை வேண்டுமென்றால் ‘ஸ்காவி’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

முன்பதிவு எப்படிச் செய்வது?

பேராலயத்தைப் பராமரிக்கும் ஃபாப்ரிக்கா என்ற நிர்வாகத்தின் கீழ் அகழாய்வு அலுவலகம் ஒன்று இருக்கிறது. பேராலயத்தின் அதிகாரபூர்வ இணையதளம் வழியாக அந்த அலுவலகத்தில்தான் இடம் கேட்க வேண்டும். கடவுச்சீட்டில் உள்ளபடியே ஒவ்வொருவரின் பெயர், எத்தனை பேர், எந்த மொழியில் விளக்கம் வேண்டும், எந்தெந்த நாட்களில் ரோமில் இருப்பீர்கள் என்பதைத் தெளிவாகக் கொடுங்கள். ஒரே ஒரு நாளைக் குறித்துக் கேட்பதைவிட, வரக்கூடிய எல்லா நாட்களையும் சொல்வது நல்லது. கேட்ட நேரமே கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு வேண்டாம். அவர்கள் கொடுக்கும் நேரத்துக்கு நம் மற்ற வேலைகளை நகர்த்திக்கொள்ள வேண்டியதுதான்.

ஒரு குழுவில் ஏறத்தாழ 12 பேர். ஒரு நாளில் மொத்தமே சுமார் 250 பேரைத்தான் உள்ளே விடுகிறார்கள். மேலே வரிசையில் நிற்கும் கூட்டத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. தமிழில் விளக்கம் கிடையாது. ஆங்கிலக் குழுக்கள்தான் முதலில் நிரம்பும். வீட்டில் யாருக்காவது இத்தாலியமோ பிரெஞ்சோ தெரிந்தால் அந்த மொழியில் கேட்டுப் பாருங்கள்.

எவ்வளவு நாள் முன்னதாகக் கேட்க வேண்டும்?

பயணத் தேதி முடிவானதும் கேட்டுவிடுங்கள். இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு எப்படியும் ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே அதற்கு விண்ணப்பிக்கலாம். விசா வேலையும் ஸ்காவி வேலையும் ஒன்றாகவே நடக்கட்டும். வத்திக்கான் தனி நாடு என்றாலும் அதற்குத் தனி விசா இல்லை. இத்தாலிக்குள் வந்தவர்கள் சதுக்கத்துக்குள் நடந்தே போய்விடலாம்.

புனித வாரம், பாஸ்கா, கோடை விடுமுறை என்றால் போட்டி கடுமை. நவம்பரிலும் ஜனவரி, பிப்ரவரியிலும் கொஞ்சம் எளிது. ஞாயிற்றுக்கிழமையும் வத்திக்கான் விடுமுறை நாட்களும் கணக்கில் இல்லை. புதன்கிழமை காலையில் திருத்தந்தையின் பொதுச் சந்திப்பு நடந்தால் சதுக்கத்தைச் சுற்றி நடப்பதே பாடு. அதையும் ஸ்காவியையும் ஒரே காலையில் திணிக்காதீர்கள்.

ஏஜென்சிகள் ‘வத்திக்கான் அண்டர்கிரவுண்ட் டூர்’ என்று விற்கிறார்களே, அது சரிதானா?

பணம் கட்டும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘ஸ்காவியா, குரோட்டோவா?’ இப்படி விற்கப்படுவதில் பல குரோட்டோவோடு நின்றுவிடும். அது யாரும் இலவசமாகவே பார்க்கக்கூடிய இடம். வழிகாட்டியின் விளக்கத்துக்குக் கூலி கொடுப்பதில் தப்பில்லை, ஆனால் எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும். உங்கள் பங்கிலோ மறைமாவட்டத்திலோ இருந்து ரோமில் படிக்கும் குருக்கள் யாராவது இருந்தால் ஒரு வார்த்தை கேளுங்கள். விண்ணப்பம் எழுதவும் அன்றைக்கு வழி காட்டவும் அவர்களைப் போல உதவுகிறவர்கள் கிடைக்கமாட்டார்கள்.

அன்றைக்கு எந்த வாசல் வழியாகப் போவது?

பேராலயத்தைப் பார்த்து நின்றால் உங்கள் இடது கைப்பக்கம், தூண் வரிசைக்கு வெளியே, சான்த் உஃபீட்சியோ வாசல் இருக்கிறது. நீலமும் மஞ்சளும் சிவப்பும் கலந்த கோடுபோட்ட உடையில் சுவிஸ் காவலர்கள் நிற்பார்கள். உறுதிக் கடிதத்தையும் கடவுச்சீட்டையும் காட்டினால் உள்ளே விடுவார்கள். ஆலயத்துக்குப் போகும் நீண்ட வரிசையில் போய் நின்று நேரத்தைத் தொலைத்துவிடாதீர்கள். பாதுகாப்புச் சோதனைக்கும் நேரம் பிடிக்கும் என்பதால் அரை மணி முன்னதாகவே வந்துவிடுவது நல்லது. குழு இறங்கிய பின் வந்தால் யாருக்காகவும் மறுபடி கதவைத் திறப்பதில்லை.

உள்ளே அலுவலகத்துக்குப் பக்கத்தில் சின்ன முற்றம் ஒன்று. ‘ரோமின் முதல் மறைசாட்சிகள் சதுக்கம்’ என்று பெயர். தரையில் பதித்திருக்கும் கல்லைக் கவனியுங்கள். இன்று பேதுரு சதுக்கத்தின் நடுவே நிற்கிற எகிப்தியக் கல்தூண் 1586 வரை நின்றது இந்த இடத்தில்தான். ரோமானியப் பேரரசர் நீரோவின் பந்தயத் திடலின் நடுவில் நாட்டப்பட்டிருந்த தூண் அது. பேதுரு உயிர்விட்டது அந்தத் திடலில் என்பது மரபு. குழு சேரும்வரை காத்திருக்கும் நேரத்தில் பலர் அந்தக் கல்லின் மேலேயே நின்று போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பிள்ளைகளையும் வயதானவர்களையும் கூட்டிப்போகலாமா?

15 வயதுக்குக் குறைந்தவர்களை விடுவதில்லை என்பது நெடுநாளாக உள்ள விதி. பிள்ளைகளோடு போகிறவர்கள் விண்ணப்பிக்கும் முன்பே நடப்பு விதியைப் பார்த்துவிடுங்கள். வாசலில் நின்று கெஞ்சிப் பயனில்லை.

பெரியவர்கள் விஷயத்தில் வயதைவிட முழங்காலும் மூச்சும்தான் முக்கியம். குறுகலான படிகள், தலை தட்டும் தாழ்வான வழிகள், சமமில்லாத தரை. சக்கர நாற்காலி போகாது. உள்ளே ஈரப்பதம் அதிகம், காற்றோட்டம் குறைவு. தட்பவெப்பத்தைக் காப்பாற்றுவதற்காகக் கண்ணாடிக் கதவுகள் வைத்திருக்கிறார்கள். நாம் கடந்ததும் பின்னால் மூடிக்கொள்ளும். அடைபட்ட இடம் என்றாலே படபடக்கும் என்பவர்களுக்கு அந்தக் கதவுச் சத்தமே போதும். ஆஸ்துமா உள்ளவர்கள் மருந்தைக் கையோடு வைத்துக்கொள்ள வேண்டும். சந்தேகம் இருந்தால் மேலேயே இருந்துவிடுவது நல்லது, நடுவில் திரும்பி வருவது எளிதல்ல.

உடை, பை, கேமரா?

தோளும் முழங்காலும் மறைய வேண்டும். புடவை, சுடிதார், வேட்டி எதுவானாலும் தடையில்லை. காலுக்குப் பிடிப்பான செருப்போ ஷூவோ போடுங்கள். பெரிய பையை வெளியிலேயே விட வேண்டியிருக்கும். படம் எடுக்கக் கூடாது. கண்டிப்பாகக் கூடாது.

உள்ளே என்னதான் பார்ப்போம்?

சுற்று ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். படியிறங்கியதும் செங்கல் வீடுகள் வரிசையாக நிற்கும் ஒரு சந்து. கிழக்கிலிருந்து மேற்காக, வத்திக்கான் குன்றின் சரிவில், 22 கல்லறை வீடுகளை வெளிக்கொண்டு வந்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்துடையது. இவர்கள் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் விடுதலை பெற்ற அடிமைகள். கிரேக்கப் பெயர்கள். வியாபாரத்திலும் வேலையிலும் காசு சேர்த்து, உயிரோடு இருந்தபோது கிடைக்காத மதிப்பைக் கல்லறையில் கட்டிவைத்தவர்கள்.

வாசல் ஒன்றின் மேலே போப்பிலியுஸ் ஹெராக்லா என்பவர் தம் வாரிசுகளுக்கு விட்ட கட்டளை கல்லில் இருக்கிறது. ‘வத்திக்கானில், பந்தயத் திடலுக்கு அருகில்’ தமக்குக் கல்லறை கட்ட வேண்டும், 6,000 செஸ்டெர்ஸ் (ரோமானிய நாணயம்) செலவிட வேண்டும் என்று தொகையோடு எழுதிவைத்திருக்கிறார். பிள்ளைகள் ஏமாற்றிவிடுவார்களோ என்ற பயம் போலும். நீரோவின் திடல் இந்தப் பக்கத்தில்தான் இருந்தது என்பதற்கு அந்த மனிதரின் உயில் இன்றைக்குச் சான்றாக நிற்கிறது.

எல்லா அறைகளையும் எல்லாக் குழுவுக்கும் காட்டுவதில்லை. வலேரியுஸ் குடும்பத்தின் கல்லறையைக் காட்டினால் அங்கே கொஞ்சம் நின்று பாருங்கள். சுவர் முழுக்கச் சுதைச் சிற்பங்கள். கட்டியவர் வலேரியுஸ் ஹெர்மா. அங்கே அவருடைய 4 வயது மகனும் 12 வயது மகளும் இருக்கிறார்கள். எகிப்தியர் கல்லறை எனப்படும் அறையில் பருந்துத் தலைக் கடவுள் ஹோரஸைச் சுவரில் தீட்டியிருக்கிறார்கள். சயெத்தென்னியுஸ் குடும்பத்தின் அறையில் எமிலியா கோர்கோனியா என்ற இளம்பெண்ணின் கல்லறைக் கல்லில், கிணற்றிலிருந்து நீர் எடுக்கும் பெண் ஒருத்தியைக் கீறியிருக்கிறார்கள். ‘இனிய ஆன்மா’ என்று கணவர் எழுதியிருக்கிறார். அவள் கிறிஸ்தவள். அதே அறையில் பழைய சமயத்து உறவினர்களும் படுத்திருக்கிறார்கள். ஒரே குடும்பத்துக்குள் மதம் மாறிக்கொண்டிருந்த காலம், யாரும் யாரையும் கல்லறையிலிருந்து தள்ளிவைக்கவில்லை.

சில கல்லறைகளில் மேலிருந்து உள்ளே இறங்கும் சுடுமண் குழாய் இருக்கும். இறந்தவருக்குத் திராட்சை இரசம் ஊற்றும் வழி அது. குடும்பத்தோடு வந்து சாப்பிட மாடி வைத்துக் கட்டிய கல்லறைகளும் உண்டு. நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் நம் ஊர்க் கல்லறைத் தோட்டங்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையே இல்லை.

மேற்கே போகப் போக வருகிறது யூலியுஸ் குடும்பத்தின் சிறிய அறை. கூரையில் மஞ்சள் பின்னணியில் திராட்சைக் கொடிகள். நடுவே, தலையைச் சுற்றிக் கதிர்கள் வீச, வெள்ளைக் குதிரை பூட்டிய தேரில் ஒருவர். சூரியக் கடவுளின் உருவம் அது. கிறிஸ்துவையே அப்படி வரைந்தார்கள் என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். சுற்றிலும் மீன் பிடிப்பவரும் நல்லாயனும் மீனால் விழுங்கப்படும் யோனாவும் இருப்பதுதான் காரணம். 16-ஆம் நூற்றாண்டில் மேலே வேலை செய்தவர்கள் கூரையில் துளை விழுந்து இதை எட்டிப் பார்த்திருக்கிறார்கள். அந்தத் துளை இன்னும் இருக்கிறது.

வேற்று மதத்தவரின் இடுகாட்டின் மேல் போய் ஏன் ஆலயம் கட்டினார்கள்?

நல்ல கேள்வி. முழு ஸ்காவியின் மர்மமும் இதில்தான் இருக்கிறது.

4-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேரரசர் கான்ஸ்டன்டைன் இங்கே ஆலயம் கட்டத் தொடங்கியபோது இது புழக்கத்தில் இருந்த இடுகாடு. ரோமானியச் சட்டப்படி கல்லறையைத் தொடுவதே குற்றம். இடமும் சரிவான குன்று. ஆனாலும் அவருடைய ஆட்கள் மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, கல்லறை வீடுகளின் கூரைகளை எடுத்துவிட்டு உள்ளே மண்ணைக் கொட்டினார்கள். பக்கத்திலேயே சமதரை இருந்தும் இத்தனை பாடு பட்டதற்கு ஒரே காரணம்தான் சொல்ல முடியும். குறிப்பிட்ட ஒரு புள்ளியின் மேல்தான் பீடம் வர வேண்டும் என்று அவர்கள் நினைத்தார்கள்.

அந்தப் புள்ளியில் இருப்பது சுமார் கி.பி. 160-இல் கட்டிய செந்நிறச் சுவரும், அதில் பதித்த சின்ன மாடமும். ஏறத்தாழ 200-ஆம் ஆண்டில் காயுஸ் என்ற குரு, வத்திக்கானில் பேதுருவின் நினைவுச்சின்னத்தைக் காட்ட முடியும் என்று எழுதியிருந்தார். அது இந்த மாடம்தான் என்று கருதுகிறார்கள். அதன் மேல் கான்ஸ்டன்டைன் எழுப்பிய பளிங்குக் கூடு, அதன் மேல் திருத்தந்தை பெரிய கிரகோரியாரின் பீடம், அதையும் உள்ளடக்கித் திருத்தந்தை இரண்டாம் கலிஸ்துஸின் பீடம், மேலே 1594-இல் திருத்தந்தை எட்டாம் கிளமெண்ட் வைத்த பீடம், அதற்கு மேலே சிற்பி பெர்னீனியின் வெண்கல விதானம், உச்சியில் குவிமாடம். எல்லாம் ஒரே செங்குத்துக் கோட்டில். கீழே அந்த இடத்தில் நிற்கும்போது இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வழிகாட்டி வேகமாகச் சொல்லிக்கொண்டு போய்விடுவார்.

கீழே என்ன இருக்கிறது என்று 1940-க்கு முன்பே ஓரளவு தெரியும். 1626-இல் பெர்னீனியின் விதானத்துக்கு அடித்தளம் தோண்டியபோது ஃபிளாவியுஸ் அகிரிகோலா என்பவரின் சிலை வந்தது. கையில் கிண்ணத்தோடு சாய்ந்து படுத்திருக்கும் மனிதர். குடியுங்கள், அழகிய பெண்களை விட்டுவிடாதீர்கள், செத்த பிறகு எல்லாம் மண்தான் என்று அடியில் எழுத்து. பேதுருவின் பீடத்துக்கு நேர் கீழே! கல்வெட்டு தப்பவில்லை, வாசகம் மட்டும் நகலாக மிஞ்சியது. சிலை இப்போது அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் அருங்காட்சியகத்தில்.

அங்கே இருப்பது உண்மையிலேயே பேதுருவின் எலும்புகள்தானா?

இடம் வேறு, எலும்பு வேறு. இரண்டையும் பிரித்துப் பேசுவது நல்லது.

1939-இல் திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் இறந்தபோது அவரைக் குரோட்டோவில் அடக்கம் செய்வதற்காக வேலை நடந்தது. கீழே பழைய கட்டடம் தென்பட்டது. அடுத்து வந்த பன்னிரண்டாம் பயஸ் தொடர்ந்து தோண்டச் சொன்னார். உலகப் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில், வெளியே சொல்லாமல், நான்கு அறிஞர்கள் கொண்ட குழு 1949 வரை வேலை செய்தது. 1950 டிசம்பரில் பேதுருவின் கல்லறை கண்டுபிடிக்கப்பட்டது என்று திருத்தந்தை வானொலியில் அறிவித்தார். எலும்புகளைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்லவில்லை.

எலும்புக் கதை அதற்குப் பிறகு வருவது. செந்நிறச் சுவரை ஒட்டி, பக்தர்கள் கீறிய எழுத்துகள் நிறைந்த இன்னொரு சுவர் இருக்கிறது. அதற்குள் பளிங்குப் பலகை அடித்த பொந்து. அகழாய்வை மேற்பார்த்த மொன்சிஞ்ஞோர் லுட்விக் காஸ், அறிஞர்களுக்குத் தெரியாமலே அதற்குள் இருந்த எலும்புகளை எடுத்து ஒரு பெட்டியில் பத்திரமாக வைத்துவிட்டார். சிதறிப்போகக் கூடாதே என்ற நல்லெண்ணம்தான். கல்வெட்டறிஞர் மர்கரீத்தா குவர்துச்சி 1950-களில் விசாரித்தபோதுதான் வேலையாள் ஒருவர் அந்தப் பெட்டியைக் காட்டினார். பரிசோதித்த மருத்துவ அறிஞர் கொரேந்தி, 60 முதல் 70 வயதுக்குட்பட்ட, திடகாத்திரமான ஓர் ஆணின் எலும்புகள் என்றார். பொன்னிழை கலந்த செந்நீலத் துணியின் துணுக்குகளும் ஒட்டியிருந்தன.

1968 ஜூன் 26 அன்று திருத்தந்தை ஆறாம் பவுல், ஏற்கத்தக்க முறையில் பேதுருவின் எலும்புகள் அடையாளம் காணப்பட்டதாக அறிவித்தார். அகழாய்வுக் குழுவின் முக்கிய ஆளான இயேசு சபைக் குரு அந்தோனியோ ஃபெருவா இதைக் கடைசிவரை ஏற்கவில்லை. எடுத்தவர் யார், எந்த இடத்தில், எப்போது என்ற பதிவே இல்லாத எலும்பை எப்படி நம்புவது என்பது அந்தப் பக்கத்து வாதம். அதில் நியாயம் இருக்கிறது. இது விசுவாசக் கோட்பாடும் இல்லை, ஏற்காதவர் கத்தோலிக்கர் இல்லை என்று யாரும் சொல்வதில்லை. என் கருத்தைக் கேட்டால், இடத்துக்கான சான்று வலுவானது. எலும்புக்கான சான்று அந்த அளவு இல்லை.

அந்த எலும்புத் துண்டுகளை ஒளி ஊடுருவும் பெட்டிகளில் வைத்து அதே சுவருக்குள் திரும்ப வைத்திருக்கிறார்கள். சுற்றின் கடைசியில் சுவரின் இடுக்கு வழியாகக் கொஞ்சம் பார்க்கலாம். சில விநாடிகள்தான் கிடைக்கும், பின்னால் ஆள் நிற்பார்கள். 2013 நவம்பர் 24 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் இவற்றை முதல் முறையாக மக்கள்முன் வைத்துத் திருப்பலி நிறைவேற்றினார். 2019-இல் ஒன்பது துண்டுகளைக் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் கான்ஸ்டான்டிநோபிள் முதுபெரும் தந்தைக்குக் கொடுத்தார்.

கிறிஸ்தவர் அல்லாதவர்கள் போகலாமா?

தாராளமாக. மதம் கேட்பதில்லை. ரோமானிய வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்களுக்குச் சில சமயம் பக்தர்களைவிட இங்கே அதிகம் கிடைக்கும்.

உள்ளே திருப்பலி வைக்க முடியுமா?

சுற்றின்போது முடியாது. கடைசியில் ஓரிரு நிமிடம் செபிக்கவிடுவார்கள். குருவோடு போகும் குழுக்கள் குரோட்டோவின் சிற்றாலயங்களில் திருப்பலிக்குத் தனியாக விண்ணப்பிக்கலாம்.

சென்னை சாந்தோமிலும் கல்லறை இருக்கிறதே, அதுபோலவா?

திருத்தூதர் ஒருவரின் கல்லறை மேல் எழுந்த பேராலயம் என்ற வகையில் ஒன்றுதான். ரோமில் பேதுரு, ஸ்பெயினின் சாந்தியாகோவில் யாக்கோபு, சென்னையில் தோமா என்று மூன்றையும் சேர்த்தே சொல்வார்கள். ஆனால் சாந்தோமில் நினைத்த நேரம் படியிறங்கி, கல்லறைக்கு முன் மண்டியிட்டு, வேண்டுமளவு இருந்துவிட்டு வரலாம். ஸ்காவியில் அந்தச் சுதந்திரம் இல்லை. செபிக்கிற இடத்தைவிட, காத்துப் பராமரிக்கிற தொல்லியல் களமாகவே அதை நடத்துகிறார்கள். அமைதியாக இருந்து செபிக்க விரும்புகிறவர்கள் சுற்று முடிந்து குரோட்டோவுக்கு வந்ததும் அங்கே உட்காருங்கள்.

இடம் கிடைக்கவில்லை. என்ன செய்வது?

பயண நாள் நெருங்கும்போது இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள், யாராவது ரத்து செய்திருக்கலாம். வத்திக்கானின் இணையதளத்தில் ஸ்காவியை மெய்நிகராகச் சுற்றிப் பார்க்கும் வசதி இருக்கிறது. பிள்ளைகளுக்கும் படியிறங்க முடியாத பெரியவர்களுக்கும் அதையே காட்டலாம். போகிறவர்களும் முன்கூட்டியே அதைப் பார்த்துவிட்டால் நல்லது, உள்ளே வழிகாட்டியின் வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியும். ரோமில் இருக்கும்போது குரோட்டோவுக்கு இறங்கி, பெரிய பீடத்துக்கு முன்னுள்ள கன்ஃபெசியோ என்ற பள்ளத்தைப் பாருங்கள். நீங்கள் பார்க்க நினைத்த இடம் அதற்கு நேர் பின்னாலும் கீழேயும்தான்.

திருத்தந்தை பிரான்சிஸின் கல்லறையும் அங்கேதானே?

இல்லை. அவர் விரும்பியபடி 2025 ஏப்ரல் 26 அன்று புனித மரியா மஜ்ஜோரே பேராலயத்தில் அடக்கம் செய்தார்கள். ‘ஃப்ரான்சிஸ்குஸ்’ என்ற ஒரே பெயர் பொறித்த எளிய கல்லறை. தெர்மினி ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். அங்கேயும் பார்க்க வருகிறவர்களின் வரிசை இருக்கும், ஆகையால் ஸ்காவி போகும் நாளிலேயே இதையும் சேர்க்காமல் வேறொரு காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.